நீளும் பெட்டியும் ஒருக்களித்துப் போகும் ஆளும்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் போன வாரம் நான் வரிசையில் நின்றேன். வரிசையில் நான் ஒருவன் மட்டும்தான் இருந்தேன்.

எனக்கு முன்னால் வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்காக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில், டென்மார்க்கில் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்ட மரியாதைப்படி, ஒரு கை நீளத்துக்கு இடம் விட்டிருந்தேன். அந்த இடத்துக்குள் முதலில் ஓர் அக்கா வந்தார். அப்புறம் அவருடைய வெங்காய மூட்டை வந்தது. மூட்டைக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் மரியாதை குறையாமல் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். பஸ் வந்து நின்றபோது டீக்கடை பாய்லர் என் முதுகில் சுட்டது. கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, ஏறுதீங்களா, இல்ல யாரையும் வழியனுப்ப வந்தீங்களா?"

இதன் மறுபாதி டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் நடந்தது. நான் வேலை பார்க்கும் அலுவலகத்து லிஃப்டில் எட்டுப் பேர் போகலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறது. முதல் நாள் உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். எட்டில் மூன்று போனால் ஐந்து, நமக்குத் தாராளம் என்று ஏறிவிட்டேன். மூவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தங்கள் ஷூக்களை ரொம்பவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான்காவது மாடி வரைக்கும் யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அங்கே லிஃப்டில் மூன்று பேர் இருந்தால் அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எட்டு என்பது சும்மா எழுத்து. இங்கே மினி பஸ்ஸில் எழுதியிருக்கும் எண்ணும் சும்மா எழுத்துதான். எந்தப் பக்கம் சும்மா என்பதில்தான் இரண்டு நாடும் வேறுபடுகின்றன. இந்த ஒரு விஷயத்தை நான் வேலையில் மறந்துபோனதால் வந்த வினையைத்தான் இங்கே புலம்பப் போகிறேன்.

என் வேலையை ஊரில் யாருக்கும் இதுவரை ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. ஒரு கட்டடத்தை மண்ணில் கட்டும் முன்பு கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்க மென்பொருள் இருக்கிறது. சுவர், தளம், குழாய், வயர் எல்லாம் உள்ளே இருக்கும். அந்தக் கட்டடத்துக்குள் வைக்க வேண்டிய இயந்திரங்களைச் செய்து கொடுப்பது என் பாடு. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வரைந்தது அந்தக் காலம். இப்போது ஒரே ஒரு காம்பொனென்ட்தான். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, கதவு இந்தப் பக்கம் என்று எண்ணை அடித்தால் அதுவே நீள வேண்டும், சுருங்க வேண்டும், அதன் குழாய் வாய்கள் கூடவே நகர வேண்டும். மென்பொருளில் இதற்கு ஃபேமிலி என்று பெயர். அதை வைத்து அடிக்கக்கூடிய ஜோக்குகளை முதல் வாரமே அடித்துத் தீர்த்துவிட்டேன். ஒருவரும் சிரிக்காததால் இங்கே காம்பொனென்ட் என்றே சொல்கிறேன். என் மனைவியின் தம்பி குமாரிடம் அரை மணி நேரம் இதை விளக்கியபோது அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சுருக்கமா, ரப்பர்ல பெட்டி செய்யுதேன்னு சொல்லுங்க அத்தான்."

அந்த ரப்பர் பெட்டியில்தான் என் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொடப் போகிற வயதில், திருநெல்வேலியில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவன், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து இந்த மென்பொருளைக் கற்று, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆர்ஹூஸ் போனேன். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. எங்கள் குழுவின் தலைவி கிர்ஸ்டன் வசந்த காலத்தில் என்னைக் கூப்பிட்டு, அலுவலகத்துக்கென்று ஒரு நல்ல ஏர் ஹேண்ட்லிங் யூனிட் காம்பொனென்ட் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரிக் கட்டடங்களில் வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே அனுப்புகிற பெரிய தகரப் பெட்டி அது. அது நன்றாக வந்தால் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசலாம் என்றாள். நிரந்தரமானால் ஒற்றை அறையை விட்டுவிட்டு வீடு எடுத்து, மனைவி செல்வியையும் மகள் தாரணியையும் அழைத்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் திருநெல்வேலிக்கே திரும்பி, மாடிப்படிக்கு அடியில் கக்கூஸ் வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கலாம். செல்வி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போதாததற்கு கம்பளிக் குல்லா வேறு வாங்கி, சங்கரன்கோவில் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வீடியோ காலில் வந்தாள். "எப்படி இருக்கு?" என்றாள். வேர்வை மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரிக் காம்பொனென்ட் செய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எலும்பு. கண்ணுக்குத் தெரியாத கோடுகளைப் போட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்துக்குப் பெயர் வைத்து, எண்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க வேண்டும். இதை ஃப்ளெக்ஸ் பண்ணுவது என்பார்கள். ("யாருக்கு அத்தான் ஃப்ளெக்ஸ்? காதுகுத்தா?" என்றான் குமார்.) எலும்பு ஒடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதன் மேல் உடம்பை ஏற்றி, ஒவ்வொரு முகத்தையும் கோட்டோடு வைத்துப் பூட்ட வேண்டும். திரையில் சின்னதாக ஒரு பூட்டுப் படமே வரும். நான் என்ன செய்தேன்? ஆர்வக்கோளாறில் முதலில் உடம்பைச் செய்தேன். கதவு வைத்தேன். கதவுக்குக் கைப்பிடி, கைப்பிடிக்குத் திருகாணி வரைக்கும் வைத்தேன். அப்புறம் சவாரி போகிறவன் கடைசியில் குதிரையைத் தேடுகிற கணக்காக எலும்பை உள்ளே செருகப் பார்த்தேன். அகலத்தைக் கூட்டினேன், பெட்டி அகன்றது, கதவு மட்டும் வரமாட்டேன் என்று அந்தரத்தில் நின்றது. உயரத்தைக் குறைத்தேன், குழாய் வாய் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு மேல் மாடி வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தது. நீளத்தை மாற்றினேன், பெட்டி முழுவதும் காலுறையைத் திருப்பிப் போட்ட மாதிரி உள்புறம் வெளியே வந்தது. உடனே மென்பொருள் அறிவித்தது: கட்டுப்பாடுகளை நிறைவேற்ற முடியவில்லை. கூடவே ஒரு பொத்தான்: கட்டுப்பாடுகளை நீக்கு. வீட்டை விட்டுத் தனியாக இருக்கும் நடுவயது மனிதனிடம் ஒரு கணினி இப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது சூடாகும், அடுத்து ஜோக் வரும். இரண்டையும் அடக்க முடிந்ததில்லை. ஒருநாள் அந்தப் பக்கம் வந்த கிர்ஸ்டன், "எப்படிப் போகிறது?" என்று கேட்டாள். காது கொதித்துக்கொண்டிருந்தது. "அருமையாகப் போகிறது. தலைகீழாக நிற்கக்கூடிய பெட்டி ஒன்று செய்திருக்கிறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தயாரிப்பாளர் அப்படிக் கேட்டிருக்கிறாரா?" என்றாள். அந்த ஊரில் ஜோக் அடிப்பதற்கு முன்பு கையைத் தூக்கி அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

தினமும் செல்வி கேட்பாள், "பெட்டி நீண்டுச்சா?"

"நீளுது. திரும்பச் சுருங்க மாட்டேங்கு."

"ஒரு தகரப் பெட்டிய நீட்டிச் சுருக்க முடியல. இந்த லெச்சணத்துல எங்க ரெண்டு பேரையும் எங்கன கொண்டு வைக்கப் போறீங்க?"

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முறைப்படி எலும்பிலிருந்து ஆரம்பித்தேன். பெட்டி பிடிவாதத்தை விட்டது. கதவு கூடவே வந்தது, குழாய்கள் சொன்ன இடத்தில் நின்றன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கதவுக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு கட்டம் வரைய வேண்டும். கதவைத் திறந்து, வடிகட்டியை உருவி, பழுது பார்க்கிற ஆள் நின்று வேலை செய்ய வேண்டிய இடம் அது. இந்த ஒரு கட்டம் என்னைப் படுத்திய பாட்டைப் பெட்டிகூடப் படுத்தவில்லை. சோதனைக்கு வைத்திருந்த சின்ன அறைகளில் பெட்டியை வைத்தால் கட்டம் போய் எதிர்ச் சுவரில் இடிக்கும். இடித்த உடனே திரை சிவக்கும். பெட்டியை நகர்த்தினால் வேறு பக்கம் சிவக்கும். ஒரு மத்தியானம் எனக்கு ஞானம் பிறந்தது. அந்தக் கட்டத்துக்கு ஏன் ஓர் அளவு? அறையின் ஆழத்தில் பெட்டி போக எவ்வளவு மிச்சமோ அவ்வளவு என்று ஒரு சூத்திரம் எழுதிவிட்டேன். அவ்வளவுதான். எந்த அறையில் கொண்டு வைத்தாலும் பச்சை. கிர்ஸ்டன் நாலைந்து அறைகளில் வைத்துப் பார்த்துவிட்டு "ஃப்ளாட்" என்றாள். டேனிஷில் பிரமாதம் என்று அர்த்தம். அலுவலகமே கோடை விடுமுறை முடிந்து திரும்பி வந்த வாரத்தில், நான் வெற்றி வீரனாக ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பினேன்.

நான் வெளிநாடு போனதிலிருந்து செல்வியும் தாரணியும் குமார் வீட்டில்தான் இருக்கிறார்கள். தெருவைப் பார்த்த இடத்தில் அவனுடைய தறிக்கூடம். பின்னால் காலியாகக் கிடந்த துண்டு இடத்தில் வீடு கட்டியிருக்கிறான். வீட்டுக்குப் போக வேறு பாதை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் விசைத்தறிகளுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும். ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள், வருகிறார்கள். நான் வந்து இறங்கிய அன்றே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தேன். இரண்டு வருட டேனிஷ் வெண்ணெய் என் வயிற்றில் இருந்தது. பாதி வழியில் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எதிரே கோமதியக்கா வந்தார். நூல் சுற்றிய தார்க்குச்சிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு தறிதறியாகப் போய்ப் போடுகிறவர்.

"அண்ணாச்சி, ஒண்ணு உள்ள போங்க, இல்ல வெளிய வாங்க. இப்படி நடுவுல நின்னா நான் எங்கன போக?"

வியாழக்கிழமை கிர்ஸ்டனிடமிருந்து அழைப்பு வந்தது. பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சாத்தினாலும் தறிச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலியை ஆட்டும். திரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தள அறை தெரிந்தது. என் பெட்டிகள் மூன்று, ஒழுங்காக வரிசையில். எல்லாம் பச்சை.

"உன் காம்பொனென்ட் எல்லா இடத்திலும் பொருந்துகிறது. எப்படி?" என்றாள்.

"நன்றி" என்றேன்.

"இல்லை. எப்படி என்று கேட்கிறேன்."

சூத்திரத்தை விளக்கினேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள், அளவு தெரிவதற்காகப் படங்களில் நிறுத்துகிற மனித உருவம் ஒன்றை எடுத்துக் கதவுக்கு முன்னால் வைத்தாள். அதன் வயிறு சுவருக்குள்ளும் முதுகு பெட்டிக்குள்ளும் போய்விட்டன. மூக்கு மட்டும் வெளியே இருந்தது.

"இதற்குள் யார் போவார்கள்?"

"ஓர் ஆள்தான். ஒருக்களித்துப் போவார்."

கிர்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் மரியாதைக்குச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, "சரி, உண்மையாகச் சொல்" என்றாள். நான் சொன்னதே உண்மைதான். ஜோக் அடித்த நாளெல்லாம் அதை உண்மை என்று நம்பினார்கள்; உண்மையைச் சொன்ன அன்று ஜோக் என்கிறார்கள். "உண்மையாகவே ஒருக்களித்துத்தான்" என்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வந்தது: "ஸ்பென்னனே." சுவாரசியம் என்று பொருள். நல்லது என்று பொருளில்லை. டேனிஷ்காரர்கள் யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம்.

அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கமான பாதை. அமைதியாகச் சொன்னாள்: திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தின் கட்டடக் கலைஞரோடு கூட்டம். அதற்குள் சரி செய். உன் நிரந்தரம் பற்றிய முடிவையும் அந்த வாரம்தான் மேலே சொல்ல வேண்டும். பெட்டி நீளலாம், சுருங்கலாம். ஆள் நிற்கிற இடம் மட்டும் அசையக் கூடாது.

அழைப்பு முடிந்தபோது என் இரண்டு காதிலும் அப்பளம் சுடலாம். எழுந்து தறிக்கூடத்துக்குப் போனேன். குமார் ஒரு தறியில் அறுந்த இழையைக் கட்டிக்கொண்டிருந்தான். பதற்றத்தில் எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "ஏல குமாரு, இந்தப் பாதை எவ்வளவு அகலம்ல வச்ச?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பாதையா? இத யாரு பாதைன்னா? தறி போட்டது போக மிச்சம் அத்தான்."

வார்த்தைக்கு வார்த்தை என் சூத்திரம். நான் டென்மார்க்கில் ஒரு மத்தியானம் கண்டுபிடித்ததாக நினைத்ததை இவன் எந்த மென்பொருளும் இல்லாமல் சிமென்ட்டில் செய்துவைத்திருக்கிறான். இவன் மட்டுமா? டிப்ளமோ முடித்த புதிதில் நான் முதன்முதலாக வரைந்ததே இந்த ஊரில் ஒரு தறிக்கூடம்தான். முதலாளி அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வே, இன்னும் ரெண்டு தறி கொள்ளுமான்னு பாரும்" என்றார். "கொள்ளும் அண்ணாச்சி. ஆனா நடக்க வழி இருக்காதே" என்றேன். "வழி என்னத்துக்கு? தறிதான் நகராது. ஆளு எப்படியும் போயிருவான்" என்றார். நான் ரப்பரை எடுத்து வழியை அழித்தேன். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கூடம் திறந்த அன்று வேலைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒருக்களித்து உள்ளே போனார்கள், கேசரி சாப்பிட்டார்கள், தறியை ஓட்டினார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்காருவதும், ஆடித்தபசுக் கூட்டத்தில் அசையவே இடமில்லாத இடத்தில் பின்னால் வருகிறவருக்கு வழி கிடைப்பதும் இந்த நம்பிக்கையில்தான். எங்கள் ஊரில் இயந்திரத்துக்கு அளவு உண்டு, சுவருக்கு அளவு உண்டு. எண்ணை அடித்தால் நீண்டும் சுருங்கியும் கொடுப்பது மனிதன்தான். வளைந்துகொடுக்கும் காம்பொனென்ட் செய் என்று கிர்ஸ்டன் சொன்னபோது, நான் எதை வளைக்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாளும் நான் பட்ட எரிச்சலை எழுதினால் வீட்டுக்காரர்கள் மேலேயே கோபமாக எழுதியது போலாகிவிடும். தறி ஓடும்போது மேசை ஆடும், மேசை ஆடினால் மவுஸ் ஆடும், நான் பிடிக்க வேண்டிய கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோட்டைப் பிடிக்கும். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் இணையமும் நின்றுவிடும். ஃபோனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு இணைப்பு எடுத்தேன். செல்வியின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வெளிநாட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்று என் பின்னால் நின்றார்கள். "இந்தத் தகரப் பெட்டிக்கா அங்கன சம்பளம் குடுக்கான்?" என்று ஒரு மாமா கேட்டார்.

சூத்திரத்தை அழித்துவிட்டு, ஆள் நிற்கும் கட்டத்துக்கு ஒரு நிலையான அளவு கொடுத்துப் பூட்டினேன். அந்தக் குட்டிப் பூட்டு சொடக்கென்று மூடியது. உடனே என் சோதனை அறைகள் எல்லாம் சிவந்தன. இத்தனை மாதம் பாடுபட்டுப் பச்சையாக்கிய அத்தனையும் ஒரே சொடக்கில் போச்சு. இனி சுருங்க வேண்டியது பெட்டிதான். அகலத்தைக் குறைத்தால் காற்று போகிற அளவு குறையாமலிருக்க நீளத்தைக் கூட்ட வேண்டும். நீளத்தைக் கூட்டினால் குழாய் வாய்கள் மறுபடியும் பழைய சேட்டையை ஆரம்பித்தன. ஒரு தடவை பெட்டி அனுமார் வால் மாதிரி நீண்டு அறைச் சுவரைத் தாண்டி, சாலையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, சத்தம் போட்டு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. செல்வி காப்பி கொண்டுவந்தாள்.

"என்ன, பெட்டி சுருங்கிட்டா?"

"பெட்டி சுருங்குதுட்டி. முன்னால நிக்க ஆளுதான் சுருங்க மாட்டேங்கான்."

"யாரு அந்த மவராசன்? இங்கன கூட்டிட்டு வாங்க. நம்ம தறிக்குள்ள நாலு நாளு நடக்க விட்டா தன்னால சுருங்கிருவான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகப் பிடி கிடைத்தது. பெட்டி ஓர் எல்லை வரைக்கும் ஒடுங்கும். அதற்கு மேல் ஒடுங்காது; ஒரு செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தச் செய்தியை நானே எழுத வேண்டும். 'இந்த அறையில் ஆள் நிற்க இடமில்லை.' இதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. எத்தனையோ வீட்டு பிளான் வரைந்திருக்கிறேன். பூஜை அறை, பீரோ, மாமனாருக்குத் தனி அறை என்று கேட்ட யாரிடமும் இடமில்லை என்று நான் சொன்னதே இல்லை. பாத்துக்கிடலாம் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா வந்துரும் என்பேன். யாராவது அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள். இப்போது என் நிரந்தரத்தைப் பந்தயம் வைத்து, முடியாது என்று சொல்கிற ஒரு பெட்டியைச் செய்துவைத்திருக்கிறேன். முடியாது என்று சொன்னதற்காக யாராவது யாருக்காவது வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மின்சாரப் பராமரிப்பு நாள். சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். என் வாழ்க்கையில் மின்வெட்டுக்காகச் சாமி கும்பிட்டது அன்றுதான். தறிகள் நின்றன. வேலையாட்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினிக்கு ராத்திரியே சார்ஜ் ஏற்றி, ஃபோனை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, மேலே சட்டை, கீழே சாரம், கையில் விசிறி என்று நான் கூட்டத்துக்குத் தயாரானேன். திரையில் கிர்ஸ்டனும், மாட்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து அடித்தள அறையில் பெட்டியை வைத்தேன். அது ஒடுங்கியது. இன்னும் ஒடுங்கியது. நின்றது. சிவந்தது. என் காதும் அதே நிறத்துக்கு வந்தது.

"அப்படியானால் பொருந்தவில்லை" என்றார் மாட்ஸ்.

தொண்டை வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன். பாத்துக்கிடலாம் என்ற சொல், தனக்கு டேனிஷில் என்ன என்று தேடிக்கொண்டே நாக்கு வரைக்கும் வந்தது. அதையும் விழுங்கினேன். "இல்லை. ஆள் நிற்க இடமில்லை" என்றேன்.

மாட்ஸ் முகம் சுளித்தார். அவர் ஏற்கெனவே இந்த அறையை எல்லோருக்கும் காட்டியாயிற்றாம். பக்கத்தில் இருக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து இடம் எடுத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்களாம். கிர்ஸ்டன் சிவந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கொட்" என்றாள். நல்லது. இந்தத் தடவை நிஜமாகவே நல்லது. "சைக்கிளை நகர்த்து மாட்ஸ். சைக்கிளுக்குச் சக்கரம் இருக்கிறது."

மாட்ஸ் போன பிறகு அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, கட்டத்துக்குள் ஒரு மனித உருவத்தையும் நிறுத்திவிடு, பார்க்கிற எல்லோருக்கும் புரியட்டும்; நம்மிடம் இருக்கிற உருவம் ரொம்ப ஒல்லி, நிஜ ஆள் அளவில் செய். "எந்த ஆள்?" என்றேன். "உன் அளவு பொருத்தமாக இருக்கும்" என்றாள். அதை வசையாக எடுத்துக்கொள்வதா பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் முடிவு செய்வதற்குள் இரண்டாவது விஷயத்தைச் சொன்னாள். "நிரந்தர ஒப்பந்தம் உண்டு. நீ வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம்." வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தக்" என்றேன். நன்றி.

செல்வியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த ஈரச் சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"அங்கன அடுப்பாங்கரை எவ்வளவு பெருசு இருக்கும்?"

"ஒரு ஆள் நேரா நின்னு சமைக்கலாம்."

"அப்ப நீங்க எங்கன நிப்பீங்க?"

அன்று மத்தியானம் அவளே தையல் டேப்பை எடுத்து என்னை அளந்தாள். தோள், மார்பு என்று ஒழுங்காக வந்து, வயிற்றில் வந்ததும் தாரணியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இன்னொரு டேப்பு இருக்கா பாரு" என்றாள். அந்த அளவுகளை அப்படியே அடித்து ஓர் ஆளைச் செய்தேன். கொஞ்சம் தொப்பையோடு, கால்களை அகட்டி, கதவைப் பார்த்து நேராக நிற்கிற ஆள். அவனுக்கு மாற்றி அடிக்கிற எண் எதுவும் கிடையாது. நீளவும் மாட்டான், சுருங்கவும் மாட்டான். நான்கு பக்கமும் பூட்டு. இனி டென்மார்க்கில் எங்கள் அலுவலகம் வரைகிற எல்லாப் பள்ளிக்கூடத்து அடித்தளத்திலும் அவன் கை வீசி நிற்பான். அவனுக்கு வழி விட்டுச் சைக்கிள்கள் நகரும், சுவர்கள் நகரும். எனக்கே அவனைப் பார்க்கக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது.

கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் பிடித்தன. ஃபைலைக் கிர்ஸ்டனுக்கு அனுப்பிவிட்டு, தெருமுனைக் கடையில் ஒரு டீ குடிக்கலாம் என்று கிளம்பினேன். வெளியே போக ஒரே பாதைதானே, அதாவது மிச்சம். வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தேன். பாதி தூரத்தில் எதிரே கோமதியக்கா கூடையோடு வந்தார். ஆர்ஹூஸ் வழக்கப்படி நான் நின்று, "நீங்க வாங்கக்கா" என்று கையைக் காட்டினேன். சங்கரன்கோவில் வழக்கப்படி அவர் நிற்கவே இல்லை. இரண்டு பேரும் நடுவில் சந்தித்தோம்.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சொன்னதுதான். ஒண்ணு உள்ள, இல்ல வெளிய."

யோசித்துச் சொல்வதற்குள் அவர் கூடையைத் தலைக்கு மேலே தூக்கி, தோளை ஒரு திருப்பு திருப்பி, எனக்கும் தறிக்கும் நடுவே இல்லாத இடத்தில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நான் சட்டைப் பொத்தான் தறியில் மாட்டிக்கொள்ளாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.